நாற்பத்தொரு வினாடி

பதுளை பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் தெருவில், போட்டோகொப்பி, லெமினேட்டிங், ஸ்கேனிங் என்று எழுதிய பலகைக்குக் கீழே ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஹாலிஎலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்து, மாலையில் பஸ் பிடித்துத் திரும்புகிற உத்தியோகம். கடை முதலாளி முஸ்லிம், நல்ல மனிதர். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைப் புள்ள என்பார். எனக்கு முப்பத்து நாலு வயதாகிவிட்டதை இரண்டு பேருமே கண்டுகொள்வதில்லை.

போன வருடம் பழைய டிவிடிகளைத் தூக்கிக்கொண்டு சனம் வர ஆரம்பித்தது. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோவில் திருவிழா, செத்த வீடு. வீட்டில் இருந்த பிளேயர் பழுதாகியிருக்கும், புது கொம்பியூட்டர்களில் டிஸ்க் போடும் தட்டே கிடையாது. பென் டிரைவில் போட்டுத் தாங்க, போனில் பார்க்க வேண்டும் என்பார்கள். இன்னொரு கூட்டம் நேரெதிர். போனில் இருப்பதை டிஸ்க்கில் போட்டுத் தரச் சொல்லும், வீட்டுப் பெரிசுகளுக்கு பிளேயரைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று. நானா நாலு நாள் யோசித்துவிட்டு ஒரு காலையில் சொன்னார்.

"புள்ள, இதுக்கு என்னென்ன சொப்ட்வெயார் இருக்குண்டு தேடிப் பாருங்க. எல்லாத்தையும் போட்டுப் பார்த்து, எது நல்லமோ நீங்களே ஒண்டு சொல்லுங்க. நான் அதையே வச்சிக்கிறேன்."

ஒரு சி.ஆர். நோட்டுக் கொப்பியை எடுத்துக் கோடு கிழித்தேன். டிஸ்க்கிலிருந்து படத்தை எடுக்க எவ்வளவு நேரம், ஒலி வாய் அசைவோடு பொருந்துகிறதா, பட அளவு எவ்வளவு, மெனு செய்ய முடியுமா, எழுதிய டிஸ்க் பழைய பிளேயரில் ஓடுமா. கட்டம் போட்டுக் கொடுத்தால் எனக்கு எந்த வேலையும் பிடிக்கும். யோசிக்க வேண்டாம், நிரப்பினால் போதும்.

மூன்று மென்பொருள்கள் தேறின. அவற்றின் பெயர்கள் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்தேன். முதலாவதுக்குப் பெரிய அழகான ஜன்னல், ஒவ்வொரு தட்டலுக்கும் காசு கட்டச் சொல்லி வெளியே நிற்க வைக்கிறது, உள்ளே போனால் பெரிய வேலை ஒன்றும் செய்வதில்லை. அது துரை. இரண்டாவது மின்னல் வேகம், கேள்வி கேட்காது, இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று மணி அடிக்கும். அது கங்காணி. மூன்றாவது சாம்பல் நிறத்தில் அழுமூஞ்சியாக இருந்தது. டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு துணுக்கையும் நீளத்தோடு வரிசையாக எழுதிவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அது கணக்கப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்தவளுக்கு வேறு என்ன பெயர் வரும்.

பரீட்சை செய்ய ஒரு டிஸ்க் வேண்டும். வாடிக்கையாளரின் டிஸ்க்கில் கைவைத்து ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது. கடையில் விற்கிற சினிமாப் பட டிஸ்க்குகளை நாங்கள் தொடுவதில்லை. வீட்டிலிருந்து என் சடங்கு டிஸ்க்கை எடுத்து வந்து, அதன்மேல் சோதனை என்று மார்க்கரால் எழுதினேன். பதின்மூன்று வயதில் எனக்குத் தண்ணீர் ஊற்றிய விசேஷத்தை ஹாலிஎல ஸ்டூடியோக்காரர் ஒருவர் படம்பிடித்துக் கொடுத்தது. உறையில் நான் ஒரு நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நிற்கிறேன். அந்த நீர்வீழ்ச்சியை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

அந்தப் படத்தை அந்த இரண்டு வாரத்தில் எத்தனை தடவை ஓட்டினேனோ தெரியாது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தட்டுச் சுற்றி, கமெராவைப் பார்த்து இரண்டு வினாடி நின்று, விலகிப் போவார்கள். மாமா சீர் கொண்டுவருவார். அம்மா எல்லாப் பக்கமும் இருப்பாள். குங்குமக் கிண்ணத்தோடு, பலகாரத் தட்டோடு, யாரையோ கையசைத்துக் கூப்பிட்டபடி. அப்போது அவளுக்கு ஐந்து மாதம், என் தங்கச்சி வயிற்றில். தங்கச்சிக்கு ஏழு மாதம் நடக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன். அம்மா திரையில் வரும்போது நான் நிறத்தைப் பார்த்தேன், கட்டம் கட்டமாக உடைகிறதா என்று பார்த்தேன். துரையில் அவள் சேலை சிவப்பு, கங்காணியில் கொஞ்சம் செம்மஞ்சள். எழுதிக்கொண்டேன். அம்மா இறந்த வருடத்திலிருந்தே நான் இப்படித்தான். பச்சைப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு பால் மா கரைக்கத் தொடங்கியபோது எதையோ ஒரு பக்கமாக எடுத்துவைத்தேன், பிறகு எங்கே வைத்தேன் என்று தேடவில்லை.

ஒரு கட்டம் மட்டும் நிரம்பாமல் கிடந்தது. வாய் அசைவும் சத்தமும் பொருந்துகின்றனவா என்ற ஒலிக் கட்டம். அதைச் சரிபார்க்க யாராவது ஒருவர் பேச வேண்டும். அந்த ஒரு மணி ஐம்பது நிமிடப் படத்தில் ஒருவர்கூடப் பேசுவது கேட்காது. எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்காரர்களின் வழக்கம் அது. விசேஷ வீட்டில் குழாய் ஒலிபெருக்கி அலறும், அந்த இரைச்சலோடு கொடுத்தால் நன்றாயிருக்காது என்று, பிடித்த சத்தம் முழுவதையும் துடைத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். நாங்களும் அதைத்தான் கேட்டு வாங்குவோம். எத்தனை பாட்டு போட்டிருக்கிறான் என்று எண்ணிப் பார்த்துப் பெருமைப்படுவோம். அம்மா வாய் அசைத்துக்கொண்டே இருக்கிறாள், ஏதோ ஒரு பாடகி பாடிக்கொண்டே இருக்கிறாள்.

இதை வீட்டில் சாப்பிடும்போது வேலைப் பேச்சாகத்தான் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் இரண்டாம் தடவை ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். அந்த டிஸ்க்கைப் பார்த்துத்தான் அவள் அம்மாவைத் தெரிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்த அம்மா பாட்டுக்கு வாயசைக்கிற அம்மா.

"அக்கா, அம்மா குரல் எப்படி இருக்கும்?"

"ஞாபகமில்ல."

"கொஞ்சம் கூடவா?"

"பதினாலு வயசுல கேட்டது. ஞாபகமில்லனா ஞாபகமில்ல."

அவள் எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்பக்கமாகப் போய் நின்றாள். எவ்வளவு கொடுத்தும் இந்த ஒன்றை என்னால் அவளுக்குக் கொடுக்க முடியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. மறைக்கவில்லை, என்னிடம் இல்லை. அம்மாவின் கை ஞாபகமிருக்கிறது, தலையில் எண்ணெய் வைக்கிற வேகம் ஞாபகமிருக்கிறது. குரல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

கங்காணிதான் நல்லது என்று நானாவிடம் சொன்னேன். துரைக்குக் காசு, கணக்கப்பிள்ளைக்கு நேரம். கணக்கப்பிள்ளையை நான் முழுதாக ஓட விடவேயில்லை. அரை மணி நேரத்தில் கால்வாசி கூடத் தாண்டாததைப் பார்த்துக் கோபம் வந்து, அது எழுதிய பட்டியலைப் படிக்காமலே மூடிவிட்டேன். நானா சந்தோஷப்பட்டார். அன்றிலிருந்து கங்காணி ஒரு நாளைக்கு ஏழெட்டு டிஸ்க் முடித்துத் தள்ளியது.

பென்னைக் கையில் வாங்கியதும் டிஸ்க்கை அநேகமாக யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நீங்களே வீசுங்க என்று போய்விடுவார்கள். ஒரு பெட்டி நிறையச் சேர்ந்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன், அப்பாவுக்காக. அப்பா வயதாகித் தோட்ட வேலையில் பேர் வெட்டிய பிறகு லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடி போட்டிருக்கிறார். டிஸ்க்கை நூலில் கோர்த்துக் கம்புக்குக் கம்பு தொங்கவிட்டால் அது வெயிலில் மின்னும், கிளி வராது. பூனாகலையிலிருந்து மடுல்சீமை வரைக்கும் எந்தத் தோட்டத்தில் பார்த்தாலும் மரக்கறிப் பாத்திக்கு மேலே யாருடையதோ கல்யாணம் சுற்றிக்கொண்டிருக்கும். என் சடங்கு டிஸ்க்கும் அந்தப் பெட்டியில்தான் போனது. நானேதான் போட்டேன். கொம்பியூட்டரில் கொப்பி இருக்கிறது, இனி இது எதற்கு என்று.

இரண்டு மாதமாவது ஆகியிருக்கும். பூனாகலைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் பென்னையும் டிஸ்க்கையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். டிஸ்க்கைத் திருப்பி வாங்கிப் போன ஒரு சிலரில் அவர் ஒருவர்.

"பாருங்க, என் கல்யாணத்துல கடைசியா எங்கப்பா ஆசீர்வாதம் பண்ற துண்டு ஒண்ணு இருக்கும். ஒரு நிமிஷம்தான். இதுல இல்லயே. அப்பா இப்ப இல்லீங்க."

கங்காணியைத் திறந்து ஒவ்வொரு அமைப்பாகத் தேடினேன். ஓர் ஓரத்தில் இருந்தது. இரண்டு நிமிடத்துக்குக் குறைந்த எதையும் எடுக்காதே என்று அதற்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்கள். விளம்பரத் துணுக்குகளைத் தவிர்ப்பதற்காம். அதன் வேகத்தின் ரகசியம் அதுதான். கணக்கப்பிள்ளையில் அந்த டிஸ்க்கைப் போட்டதும் அவருடைய அப்பாவின் ஒரு நிமிடம் பட்டியலில் நான்காவதாக வந்து நின்றது. ஆசிரியை அங்கேயே நின்று அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

நானா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். பிறகு கேட்டார். "புள்ள, அப்ப இதுக்கு முந்திக் குடுத்ததெல்லாம்?"

"அதுலயும் விட்டிருக்கும் நானா."

"டிஸ்க்கு?"

"போஞ்சிக்கு மேல இருக்கு."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் கணக்கப்பிள்ளையின் பழைய பட்டியலைத் திறந்தேன். நான் கோபத்தில் மூடிய அன்றைக்கு எழுதிவைத்தது அப்படியே இருந்தது. முதலாவது, ஒரு மணி ஐம்பது நிமிடம். இரண்டாவது, ஆறு நிமிடம். மூன்றாவது, நாற்பத்தொரு வினாடி.

மூன்றாவதை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. மெனுவில் அப்படி ஒன்று கிடையாது. ஸ்டூடியோக்காரர் அடுக்கும்போது ஏதோ ஒரு துணுக்கை அழிக்க மறந்திருக்கிறார், பிளேயர் அந்தப் பக்கம் போகவே போகாது. மறந்துபோன துணுக்கு என்றால் பாட்டு ஏற்றியிருக்க மாட்டார். பிடித்த சத்தம் அப்படியே இருக்கும். இதை யோசித்து முடித்ததும் நானாவிடம் அரை நாள் லீவு கேட்டேன்.

அப்பா பாத்தியில்தான் இருந்தார். நான் செருப்போடு இறங்கி நூல்களை ஒவ்வொன்றாக அறுக்கத் தொடங்கினேன்.

"அடியே, என்னா பண்ற? ரெண்டு மாசமா ஒரு கிளி வரல. எல்லாத்தையும் கழட்டினா நாளைக்கே வந்து மொட்டையடிச்சிரும்."

"என் சடங்கு டிஸ்க் வேணும்."

"அதான் கொப்பி இருக்குனு சொன்னியே?"

"அம்மா பேசுறது அதுல இருந்தாலும் இருக்கும். தங்கச்சி கேக்குறா."

அப்பா கையிலிருந்த கம்பை மண்ணில் ஊன்றினார். "உங்கம்மா குரலா? அதுக்கா இந்தப் பாடு?" என்றார். எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. அந்த மனுசனுக்குக் கிளிதான் பெரிசு என்று நினைத்துக்கொண்டு அடுத்த நூலை அறுத்தேன்.

இருபத்தேழு டிஸ்க். வெயிலில் எல்லாம் வெளிறிப்போய், சிலவற்றில் தகடு உரிந்துவிட்டிருந்தது. எதிலும் என் கையெழுத்து இல்லை. கடைசியில் அப்பாதான் குனிந்து, நூல் அறுந்து கொடிக்கு அடியில் விழுந்து கிடந்த ஒன்றைச் சேற்றோடு எடுத்தார். நான் மார்க்கரால் எழுதிய சோதனை என்ற சொல் பாதி தெரிந்தது. இலைக்கு அடியில் கிடந்ததால் வெயில் அவ்வளவாகப் படவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, பழைய சட்டைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன்.

நானா பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்றார், யாரோ சொன்னார்களாம். வேண்டாம் என்றேன். துரை டிஸ்க்கைப் பார்த்ததுமே வாசிக்க முடியாது என்று கைவிரித்தது. கங்காணி ஒரு நிமிடம் உறுமிவிட்டுத் தானாகவே மூடிக்கொண்டது. கணக்கப்பிள்ளை மட்டும் பட்டியலை எழுதிவிட்டு உட்கார்ந்தது. வாசிக்க முடியாத இடத்தில் பின்னால் போய், வேகத்தைக் குறைத்து, மறுபடி வாசித்தது. நாற்பத்தொரு வினாடிக்கு இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளும் நான் வருகிறவர்களுக்கு அடையாள அட்டை கொப்பி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அதை அவசரப்படுத்தவில்லை.

கிடைத்ததில் படம் பாதிக்கு மேல் பச்சைக் கட்டங்கள். சத்தம் பதினொரு வினாடி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டினேன். விசேஷம் தொடங்குவதற்கு முந்திய காலை. குழாய் இன்னும் பாடத் தொடங்கவில்லை. லயத்து வாசலில் அம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கமெராவைப் பார்க்கிறாள்.

"ஏன் தம்பி, இதுல பேசுறதும் விழுமா?"

விழும் அக்கா என்று கமெராவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

"ஐயய்யோ, அப்ப நான் பேச மாட்டேன் போங்க. வந்து முதல்ல சாப்பிடுங்க, சோறு ஆறிப்போகுது."

சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அவ்வளவுதான், மிச்சம் கட்டங்கள்.

எனக்கு அந்தக் குரலைத் தெரியவில்லை. யாரோ ஒரு பெண் பேசினாள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தேன், இரண்டாம் தடவை ஓட்டும்போது பார்த்தது அவளுடைய வாயை. அசைவும் சத்தமும் பொருந்தியிருந்தன. கொப்பியை எடுத்து, அதுவரை காலியாகக் கிடந்த கட்டத்தில் சரி என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கச்சி சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் போனை அவள் முன்னால் வைத்தேன். அப்பா பின்வாசல் படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதினொரு வினாடி ஓடி முடிந்தது. அவள் கையிலெடுத்த சோற்றை வைத்துவிட்டாள். மறுபடி போட்டாள். மறுபடி போட்டாள்.

"போதும்டி. சாப்பிடு, சோறு ஆறிப்போகுது" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே பயமாகிவிட்டது.

"அக்கா, இது உன் குரல்."

"லூசு மாதிரிப் பேசாத."

"நெசமாக்கா. இரு."

அவள் தன் போனை எடுத்து நான் அனுப்பிய வொயிஸ் மெசேஜ் ஒன்றைப் போட்டாள். பஸ் பிந்திருச்சு, நீ அரிசியக் கழுவி வை, நான் வந்து பார்க்குறேன். அது முடிந்ததும் அம்மாவைப் போட்டாள். பிறகு மறுபடி என்னை. பதிவில் கேட்கிற என் குரலை நான் எப்போதும் முழுதாகக் கேட்டதில்லை, பிடிக்காது, நிறுத்திவிடுவேன். அன்றைக்குத்தான் கேட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

படியிலிருந்து அப்பா சொன்னார், திரும்பாமலே. "உனக்கு இப்பதான் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"இருபது வருசமா கேக்குறேன். தெரியாமப் போகுமா."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே."

அவர் எழுந்து கை கழுவிவிட்டுப் பாத்திப் பக்கம் போய்விட்டார். தங்கச்சி பிறந்து ஏழு மாதத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைக்காமல் போனது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை, அவள் தினமும் கேட்டபடி வளர்ந்திருக்கிறாள். அதுவும் பெரும்பாலும் திட்டாக.

"பேசுக்கா" என்றாள்.

"என்னத்தப் பேசுறது?"

"எதையாச்சும். நிறுத்தாம."

பையிலிருந்து கடைக் கொப்பியை எடுத்துத் திறந்தேன். படிக்கத் தொடங்கினேன். முதலாவது துரை, ஒரு மணி ஐம்பது நிமிடப் படத்தை எடுக்க நாற்பது நிமிடம், நிறம் நன்று, காசு கட்டாவிட்டால் படத்தின் நடுவில் தன் பெயரை எழுதும். இரண்டாவது கங்காணி, இருபது நிமிடம், குறைந்த வேகத்தில் எழுதிய டிஸ்க் பழைய பிளேயரில் ஓடுகிறது, கூடிய வேகத்தில் எழுதியது ஓடவில்லை. தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து கேட்டாள். கணக்கப்பிள்ளைக்கு வந்தபோது படிக்க முடியாமல் நின்றுவிட்டேன். அம்மா போன நாளிலிருந்து வராமலிருந்த அழுகை வந்தது.

"நிறுத்தாதக்கா" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த வரியைப் படித்தேன். மூன்றாவது, மிகவும் மெதுவானது. ஒலி, சரி.